“ஐ ஆம் ஹேவிங் எ பேபி”: ‘இங்’ இடறின இடங்களைப் போடுங்க

பச்சைப்பேனா:
வீடியோ கால்ல இன்டர்வியூ. அந்தப் பக்கம் லண்டன்காரர். இந்தப் பக்கம் இருந்த அம்மா குடும்பத்தைப் பத்திச் சொல்லி, “ஐ ஆம் ஹேவிங் எ பேபி”ன்னு முடிச்சாங்க. அவர் முகமெல்லாம் சிரிப்பா, “கங்க்ராஜுலேஷன்ஸ்! வென் இஸ் இட் ட்யூ?”ன்னார். பிள்ளைக்கு அப்பவே ஒன்றரை வயசு.

‘ஐ ஹேவ் எ பேபி’ன்னா குழந்தை இருக்கு. ‘ஹேவிங்’னா பிறக்கப் போகுது. ஹேவ் ‘இருக்கு’ன்னு சொல்றப்ப ஸ்டேட் வெர்ப், அதாவது செயலைச் சொல்லாம நிலையைச் சொல்ற வினை, இங் ஏறாது. சாப்பிடுறது, குளிக்கிறதுன்னு ஏதாவது நடக்குறப்ப ஏறும்: ஹேவிங் லஞ்ச், ஹேவிங் எ பாத். கார், அண்ணன், மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் எல்லாத்துக்கும் வெறும் ஹேவ்.

தெற்குவாசல்:
நம்ம ‘வச்சிருக்கேன்’ பண்ற வேலை இது. அதுல இருக்கிற ‘இருக்கேன்’ நேரா ‘ஆம்’ ஆயிடுது.

பயோடேட்டால அடிக்கடி கண்ல படுறது: “ஐ ஆம் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.” ‘பத்து வருஷமா தெரியும்’னு நாம நிகழ்காலத்துலயே சொல்லிடுவோம். இங்கிலீஷ்ல அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும்னா ‘ஐ ஹேவ் நோன் ஹிம்’. இதே இடத்துல வொர்க் வந்தா ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ சரி. ‘ஹேவ் பீன் நோயிங்’ மட்டும் கிடையவே கிடையாது.

கத்தரிவெயில்:
லீவ் மெயில். “ஐ ஆம் பீயிங் சிக் டுடே.” பிரிட்டிஷ்காரங்களுக்கு ‘பீயிங் சிக்’னா வாந்தி எடுத்துட்டு இருக்கேன்னு அர்த்தம். ‘ஐ ஆம் சிக்’ போதும். ‘பீ’யோட இங் வந்தா இப்போதைக்கு அப்படி நடந்துக்கிறார்னு ஆகும். ‘ஹி இஸ் ரூட்’ அவர் குணம். ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ இந்த அஞ்சு நிமிஷம்.

நன்னூல்பிரியன்:
ஈசியான வழி சொல்றேன். தமிழ்ல ‘எனக்கு’ன்னு ஆரம்பிச்சா ஸ்டேட் வெர்ப், ‘நான்’னு ஆரம்பிச்சா ஆக்‌ஷன் வெர்ப். எனக்குத் தெரியும், பிடிக்கும், வேணும், புரியுது, ஞாபகம் இருக்கு: நோ, லைக், வாண்ட், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர். எதுக்கும் இங் கிடையாது. எனக்குக் கேக்குதுன்னா ‘ஐ ஹியர்’, நான் கேட்டுட்டு இருக்கேன்னா ‘ஐ ஆம் லிஸனிங்’.

பச்சைப்பேனா:
நன்னூல், பாதி தூரம்தான் போகும் இது. ‘எனக்கு வியர்க்குது’ன்னா ‘ஐ ஆம் ஸ்வெட்டிங்’, கண்டிப்பா இங் வேணும். ‘நான் நம்புறேன்’ல நான்தான் இருக்கு, ஆனா ‘ஐ ஆம் பிலீவிங்’னு சொன்னா தப்பு. தலைவலிக்கு ‘மை ஹெட் ஹர்ட்ஸ்’, ‘இஸ் ஹர்ட்டிங்’ ரெண்டும் சரி. மாத்திரை டப்பால ‘இஸ் கன்டெய்னிங் 10 டேப்லட்ஸ்’னு அச்சாகி வருதே, அங்க எந்த ‘எனக்கு’ வந்து காப்பாத்தும்?

ஆத்துமீன்:
யாரும் கேக்கலைதான், இருந்தாலும் சொல்றேன். ஒரே சொல் ரெண்டு வேலை பார்க்குற இடத்துலதான் எல்லாரும் விழுறாங்க. அங்க தமிழ்ல ‘பார்’ சேருதான்னு பாருங்க. சேர்ந்தா ஆக்‌ஷன்.

மீன் நாறுது: ‘த ஃபிஷ் ஸ்மெல்ஸ்’. அவங்க மீனை மோந்து பாக்குறாங்க: ‘ஷி இஸ் ஸ்மெல்லிங் த ஃபிஷ்’. ‘த ஃபிஷ் இஸ் ஸ்மெல்லிங்’னா மீனே எதையோ மோந்து பாக்குற மாதிரி காதுல விழும். குழம்பு நல்லா இருக்கு: ‘டேஸ்ட்ஸ் குட்’. உப்பு பாக்குறார்: ‘ஹி இஸ் டேஸ்டிங்’. பை ஏழு கிலோ இருக்கு: ‘வெய்ஸ் செவன் கிலோஸ்’. நிறுத்துப் பாக்குறாங்க: ‘ஆர் வெயிங்’.

திங்க்குக்கு மட்டும் பார் உதவாது. அங்க நினைக்கிறதும் யோசிக்கிறதும் வேற வேற. மழை வரும்னு நினைக்கிறேன்: ‘ஐ திங்க்’. வேலையை விடலாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன்: ‘ஐ ஆம் திங்கிங்’.

இன்னொண்ணு. மேல எல்லாரும் இங் ஏறுமா ஏறாதான்னே பேசுறீங்க. வெறும் வினை என்ன நேரத்தைச் சொல்லுதுன்னும் பாருங்க. ‘ஐ வாண்ட் காபி’ இந்த நிமிஷம் வேணும். ‘ஐ ட்ரிங்க் காபி’ இந்த நிமிஷம் இல்லை, குடிக்கிற பழக்கம் உண்டு. டம்ளரைக் கையில வச்சுட்டு ‘ஐ ட்ரிங்க் காபி’ன்னா கேக்குறவன் முழிப்பான்.

சும்மாவந்தவன்:
அப்போ 2003ல மெக்டொனால்ட்ஸ் ‘லவ்விங் இட்’னு விளம்பரம் பண்ணினது?

நன்னூல்பிரியன்:
தெரிஞ்சே மீறினது. பிடிக்கும்ங்கிறதை ‘இப்ப, இந்த வாய்ல, ரசிச்சுட்டு இருக்கேன்’னு ஆக்கிட்டாங்க. லவ், என்ஜாய் பக்கம் சாயுற இடத்துல பேச்சுல அப்படி வரும். நோ, பிலாங், ஓன் இதுக்கெல்லாம் அந்தச் சலுகை இல்லை. பரீட்சையில எழுதினா மார்க்கும் போகும்.

சும்மாவந்தவன்:
சரி, சட்டை போட்டிருக்கேன்னா அதுவும் நிலைதானே? ‘ஐ ஆம் வேரிங்’ எப்படிச் சரியாச்சு?

ஆத்துமீன்:
வேர், சிட், ஸ்டாண்ட் எல்லாம் பாக்க நிலைதான். ஆனா கழட்டலாம், எழுந்திரிக்கலாம், நினைச்சப்ப நிறுத்தலாம், அதனால இங் ஏறும். அதே சட்டை அளவா இருக்குன்னா ‘ஃபிட்ஸ்’. ‘ஃபிட்டிங்’னு சொல்லணும்னா டெய்லர் குண்டூசியைப் பல்லுல கடிச்சுட்டுப் பக்கத்துல நிக்கணும்.