பால்டர்ஸ் கேட் 3-இல் ஹெல்ப் ஆக்‌ஷனை இவ்வளவு வெட்டியிருக்க வேண்டுமா?

தாயக்கட்டை:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை மேசையில் ஆடியவர்களுக்கு இது தெரியும். உங்கள் டர்னில் அடிக்காமல் ஹெல்ப் எடுத்தால், உங்களுக்கு ஐந்து அடிக்குள் இருக்கும் எதிரியை அடுத்து அடிக்கப் போகும் கூட்டாளிக்கு அட்வான்டேஜ், அதாவது இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அந்த விதிகளை வைத்து பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமைச் செய்த லேரியன் நிறுவனத்தார் 2023-இல் அதே பெயரை வைத்துக்கொண்டு, விழுந்தவரைத் தூக்கிவிடுவது, தூங்குபவரை எழுப்புவது என்று சுருக்கிவிட்டார்கள். சேர்ந்து சண்டை போடுகிற உணர்வே அதில்தான் இருந்தது.

கல்கோட்டை:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 65% அடிபடும் வாய்ப்பு அட்வான்டேஜில் சுமார் 88% ஆகும். சரி, ஆனால் உதவி செய்பவரும் 65% உள்ள அடி ஒன்றை விட்டுக்கொடுக்கிறாரே? இரண்டு பேரும் அடித்தால் சராசரி 1.3 அடி, ஹெல்ப் எடுத்தால் 0.88. இந்தப் பட்டனை வைத்தால் புதியவர்கள் அழுத்தித் தோற்பார்கள்.

தாயக்கட்டை:
இருவரும் ஒரே அளவு அடிப்பவர்கள் என்றால்தானே அந்தக் கணக்கு? கிளெரிக்கிடம், அதாவது பூசாரி பாத்திரத்திடம், இன்னும் ஒரு மந்திரம் போடத்தான் ஸ்பெல் ஸ்லாட் மிச்சம், தொட்டுக் காயப்படுத்தும் இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ் மந்திரத்தைப் போடப் போகிறார், மூன்று பத்துப் பக்கப் பகடை, சராசரி 16.5. அந்த 23% கூடுதல் வாய்ப்பின் மதிப்பே சராசரியாக 3.8 டேமேஜ். மந்திரவாதி கத்தியால் குத்தி அதைத் தரமாட்டார்.

கல்கோட்டை:
கத்தி எதற்கு, ஸ்லாட் செலவில்லாமல் நெருப்பை எறியும் ஃபயர் போல்ட் மந்திரம் இருக்கிறதே. ஒரு பத்துப் பக்கப் பகடை, சராசரி 5.5, அதில் 65% என்றால் 3.6. கிட்டத்தட்ட சமம், அதுவும் தூரத்தில் நின்றபடி. ஹெல்ப் எடுக்க அதே மந்திரவாதி எதிரிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

ஆந்தைக்காரி:
இரண்டு பேருமே ஃபெமிலியரை, அதாவது மந்திரத்தால் வரவழைக்கும் துணை விலங்கை, மறந்துவிட்டீர்கள். மேசையில் அது அடிக்க முடியாது, ஹெல்ப் எடுக்கலாம், ஆந்தையாக இருந்தால் உதவி செய்துவிட்டு எதிரடி வாங்காமல் பறந்தும் போய்விடும். கம்ப்யூட்டரில் இதை அப்படியே விட்டால் ஒவ்வொரு ரவுண்டும் செலவே இல்லாமல் அட்வான்டேஜ். மேசையில் ஆட்டத்தை நடத்தும் டி.எம். ஒருவர் இருக்கிறார், "உன் ஆந்தையை வில்லாளி குறிவைக்கிறான்" என்று சொல்லி நிறுத்துவார். லேரியன் என்ன செய்தார்கள்? அந்த வேலையைக் காக்கையிடம் கொடுத்தார்கள். காக்கை கொத்தி, எதிரி தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோவில் தோற்றால் கண் தெரியாது, அப்புறம் அவனை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ். உதவி இருக்கிறது, ஆனால் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது. எனக்கு இது நல்ல மாற்றம்.

தாயக்கட்டை:
காக்கை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியைத் தவிர்க்கும் டாட்ஜும், நிபந்தனை சொல்லிக் காத்திருந்து அடிக்கும் ரெடியும் எங்கே போயின? அதே விதிகளை வைத்து 2021-இல் வந்த சொலாஸ்டா என்ற கம்ப்யூட்டர் கேமில் இரண்டும் இருக்கின்றன. மேசையில் ரெடிக்கு எந்த நிபந்தனையும் சொல்லலாம், அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது கஷ்டம், அதனால் அவர்கள் என்ன வகை அடி என்று தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது போதும், கதவருகே வில்லை நீட்டிக் காத்திருக்கலாம்.

கல்கோட்டை:
சொலாஸ்டாவில் எனக்கும் பிடித்தது அதுதான். டாட்ஜைக் கேளுங்கள், ரெடியைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஹெல்ப் மட்டும் வேண்டாம்.

ஆந்தைக்காரி:
அட்வான்டேஜுக்குப் பதில் ஹெல்ப் ஒரு நான்கு பக்கப் பகடையைக் கூட்டிக் கொடுத்தால்? பிளெஸ் மந்திரம் அதைத்தான் செய்கிறது, ஆட்டம் கெடவில்லையே.