பிடித்த கொடுவாவை மீண்டும் விடுவது பொறுப்பா, வதையா?

களனிக்கரையோன்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் எனக்கு ஒரு பெரிய கொடுவா அகப்பட்டது. நான் அதைக் கரைக்கு இழுக்காமல், முழங்காலளவு தண்ணீரில் நின்றபடியே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். அருகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "விடுவதற்கென்றால் ஏன் பிடித்தாய்?" என்று கோபத்தோடு கேட்டார். அவருக்கு அங்கே சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்து, நன்றாகப் பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகின்ற மீன். ஆகவே நாம் பெருமையோடு தூக்கிக் காட்டும் பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை, ஒரு பருவத்தில் பல மில்லியன் முட்டைகளை இடக்கூடிய தாய்மீன்கள். கறிக்கு வேண்டுமென்றால் நடுத்தர மீனை எடுத்துக்கொண்டு, பெரியதை விட்டுவிடுவதே பொறுப்பான பொழுதுபோக்கு என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளவத்தை வாசகி:
தம்பி, தாய்மீனைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்டது வேறு கேள்வி. உண்பதற்காக ஓர் உயிரைப் பிடிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. அதை வாயில் குத்தி, களைத்துப்போகும்வரை இழுத்து, பின்னர் விட்டுவிடுவதற்கு நம்முடைய மகிழ்ச்சியைத் தவிர வேறென்ன காரணம் இருக்கிறது? மீனுக்கு வலி தெரியாது என்று இனியும் சொல்ல முடியாது; ரெயின்போ ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் வலியை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2003 இலேயே காட்டிவிட்டார்கள். சுவிஸில் இருக்கும் என் மச்சானுக்கும் மீன்பிடியில் ஆர்வம் உண்டு. விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதற்கு அந்த நாட்டில் 2009 முதல் தடை இருப்பதால், அவர் உண்ணத்தக்க மீனைப் பிடித்தால் முறைப்படி கொன்று வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

மட்டக்குளியான்:
நான் சிறுவயது முதல் அதே கரையில் கைத்தூண்டில் போடுபவன். அக்கா சொல்வதோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. விட்டுவிட்டதாகச் சொல்லப்படும் மீன்களை நான் பல தடவை பின்னர் பார்த்திருக்கிறேன். அவை வயிறு மேலே தெரிய மிதந்து வரும். வெயிலில் சுட்ட கல்லின்மேல் போட்டு, உலர்ந்த கையாலே பிடித்து, படம் எடுத்து முடிப்பதற்குள் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் போய்விடுகிறது. நம்முடைய தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவு என்பதால், நெடுநேரம் போராடிய மீன் மீண்டெழுவது கடினம். இவ்வாறு பத்தைக் குத்தி விடுவதைக் காட்டிலும், இரண்டைப் பிடித்ததும் நூலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது எவ்வளவோ மேல்.

இன்னுமொன்று, பாறையிடுக்கில் சிக்கியதும் அறுத்துவிட்டுப் போகும் தங்கூசி எனப்படும் நைலோன் தூண்டில் நூலைப் பற்றி ஏன் எவரும் பேசுவதில்லை? அது உக்காது. கால்கள் இரண்டும் அந்த நூலில் பிணைந்து நடக்க முடியாமற்போன ஒரு கொக்கை நானே அறுத்து விடுவித்திருக்கிறேன்.

களனிக்கரையோன்:
அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நூலை விட்டுச் செல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. மீன் விடயத்தில், செத்து மிதப்பது தவிர்க்கக்கூடியது. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டால், கழற்றுவதற்கு ஒரு நொடி போதும். இறால் கோத்துப் போடும்போது நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பயன்படுத்தி, மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்காமல் நூலை மெதுவாக இறுக்கினால், முள் தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அப்படியும் ஆழமாக விழுங்கிச் செவுளில் இரத்தம் வந்தால், அந்த மீனை நான் விடுவதில்லை. அது எந்த அளவாக இருந்தாலும் கறிக்குத்தான்.

எல்லா மீனையும் விட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பொல்கொட வாவியில் அகப்படும் கத்திமீன், தென்கிழக்காசியாவிலிருந்து தொட்டி மீனாக வந்து நம் நீரில் பெருகி, உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்பது. இரக்கப்பட்டு அதை மீண்டும் வாவிக்குள் விடுவது, மற்ற மீன்களுக்குச் செய்யும் தீங்கு.

வெள்ளவத்தை வாசகி:
கத்திமீன் விடயத்தில் நீங்கள் சொல்வது சரி. முள்ளை நசுக்குவதும் நல்ல வழக்கம்; தவறி வந்த தாய்மீனை விடுவதற்கு அது உதவும். தவறி வருவதும், விடுவதற்கென்றே தேடிப் போவதும் ஒன்றல்ல என்பதுதான் என் வாதம். கறிக்குப் போதுமான மீன் வாளியில் சேர்ந்த பின்னரும் நீங்கள் தூண்டிலை வீசுகிறீர்களா, இல்லையா?

களனிக்கரையோன்:
வீசியிருக்கிறேன், அக்கா. சென்ற ஞாயிறு அந்தக் கொடுவா அகப்பட்டபோது என் வாளியில் ஏற்கெனவே இரண்டு பாரைகள் இருந்தன.

மட்டக்குளியான்:
தம்பி, வரும் ஞாயிறும் அங்கேதான் நிற்பேன். இரண்டு மீன் சேர்ந்ததும் நூலைச் சுற்றுங்கள். வற்று நேரத்தில் பாறைகளில் தொங்கும் தங்கூசியை இருவருமாக வெட்டி எடுப்போம். சாக்கு நான் கொண்டு வருகிறேன்.