அம்மாவின் வாக்காளர் அட்டையில் வேறொருவர் படம்: இரண்டு முறை மாற்று அட்டை வாங்கியும் அதே முகம்

கிழக்குவாசல் (கேள்வி கேட்டவர்)

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. ஊர் தென்மாவட்டத்தில் ஒரு கிராமம், நான் இருப்பது கோவையில். அம்மாவிடம் இருந்தது டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்து அட்டை: கருப்பு வெள்ளைப் படம், லேமினேஷன், ஓரத்தில் ஹாலோகிராம், டிஎன் என்று தொடங்கி சாய்கோடு போட்டு நீளமாக ஓடும் எண். அதில் இருந்தது அம்மா முகம்தான். லேமினேஷனுக்குள் ஈரம் இறங்கி மூக்குக்குக் கீழே எல்லாம் அழிந்துவிட்டதால், ஆன்லைனில் படிவம் 8 போட்டு மாற்று அட்டை கேட்டேன். விரைவு அஞ்சலில் பளபளவென்று பிவிசி அட்டை வந்தது. அம்மா பெயர் சரி, கணவர் பெயர் சரி, முகவரி சரி. படத்தில் மட்டும் வேறு யாரோ ஓர் அம்மாள்.

அச்சடிக்கும் இடத்தில் மாறியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் விண்ணப்பித்தேன். மறுபடியும் அதே அம்மாள். இப்போது எங்கள் வீட்டில் அவருக்கு இரண்டு அட்டை இருக்கிறது, அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை.

பழைய அட்டையில் சரியாக இருந்த படம் புதிதில் எப்படி மாறும்? யாரிடம் போக வேண்டும்? இடையில் தேர்தல் வந்தால் அம்மா ஓட்டுப் போட முடியுமா?

ரோஸ்மில்க்

ரொம்ப சிம்பிள். படிவம் 7 போட்டு அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். அப்புறம் படிவம் 6 போட்டு புதுசாகச் சேருங்கள். புது எண், புதுப் படம், தலைவலி முடிந்தது. பிரவுசிங் சென்டரில் எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தார்கள்.

ஸ்லிப்_டீச்சர்

ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் பிஎல்ஓ, வாக்குச்சாவடி நிலை அலுவலர். பள்ளிக்கூட வேலை போக மீதி நேரத்தில் இதுதான் என் பிழைப்பு. படிவம் 6 முதல்முறை சேருகிறவர்களுக்கு உரியது. 67 வயதில் ஒருவர் புதிதாகச் சேர வந்தால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வியில்தான் எங்கள் விசாரணை தொடங்கும். பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்க, இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கு இடம் இருக்கிறது. சரி, சட்டத்தை விடுங்கள். நீக்கம் முடிந்து, சேர்ப்பு முடிவதற்குள் வேட்புமனு தேதி கடந்துவிட்டால் அம்மா எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார். படம் தப்பாக இருக்கிற பெயர், இல்லாத பெயரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கிழக்குவாசல், ஒன்று சொல்லுங்கள். படிவம் 8இல் முதலில் நான்கு தெரிவு வரும்: இடமாற்றம், பதிவில் திருத்தம், திருத்தம் இல்லாமல் மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறித்தல். நீங்கள் எதைத் தொட்டீர்கள்?

கிழக்குவாசல்

இரண்டு தடவையும் மூன்றாவது. அட்டைதானே கெட்டுப்போயிற்று, பதிவில் ஒன்றும் தப்பில்லையே என்று.

ஸ்லிப்_டீச்சர்

அங்கேதான் சிக்கல். பதிவிலேயே படம் தப்பு. அட்டை தனியாகப் பிறப்பதில்லை. பட்டியலில் அந்த வரிசை எண்ணுக்கு எந்தப் படம் ஏறியிருக்கிறதோ அதைத்தான் அச்சடித்து அனுப்புவார்கள். நீங்கள் பத்து முறை கேட்டாலும் அந்த அம்மாளே வருவார். இரண்டாவது தெரிவை எடுத்து, அதில் புகைப்படம் என்ற ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். கூடவே பெயர், வயது என்று மற்றதையும் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள், கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

பழைய_ஸ்கேனர்

பழைய அட்டையில் சரி, புதிதில் தப்பு என்பதற்கு நான் பதில் சொல்லலாம். பட்டியலில் படம் ஏற்றிய காலத்தில் ஓர் ஒப்பந்ததாரரிடம் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவன் நான். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அடையாள அட்டையும் படம் போட்ட பட்டியலும் ஒரே நேரத்தில் வந்தவை இல்லை. அட்டைக்கு 1993 ஆகஸ்டில் சேஷன் உத்தரவு போட்டார். பள்ளிக்கூட வராந்தாவில் வேட்டியைத் திரையாகக் கட்டி, பெஞ்சில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்களே, அது அந்தக் கதை. அப்போது படம் அட்டையில் மட்டும்தான். வாக்காளர் பட்டியலில் வெறும் எழுத்துதான் இருந்தது. பட்டியலிலேயே முகத்தைச் சேர்க்கும் வேலை அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் சூடுபிடித்தது. 2009 மக்களவைத் தேர்தலில் அசாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் தவிர மற்ற இடங்களில் படம் போட்ட பட்டியல்தான் சாவடிக்குப் போனது.

பழைய முகாம் படங்கள் எல்லாம் எங்கள் கைக்கு நல்லபடியாக வரவில்லை. சிலவற்றில் முகமே கரிக்கட்டையாக இருக்கும். அதனால் வீடு வீடாகப் போய்ப் பாஸ்போர்ட் அளவுப் படம் வாங்கினார்கள். அவை தாளில் வரிசை எண்படி ஒட்டப்பட்டு எங்களிடம் வரும். நாங்கள் தாளை மொத்தமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முகமாக வெட்டி, வரிசை எண்ணைக் கோப்புப் பெயராகக் கொடுப்போம். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் முகத்தை இரண்டு முறை வெட்டிவிட்டால் போதும், அதற்கடுத்து வருகிற எல்லோரும் ஒரு படி கீழே இறங்குவார்கள். யாராவது படம் கொடுக்காமல் காலியாக விட்ட கட்டம் வரும்போது நழுவல் தானாக நின்றுவிடும். அதனால் பக்கத்தின் முடிவில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், சோதித்தவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆகவே உங்கள் அம்மாவோடு இது நிற்காது என்று நினைக்கிறேன். அட்டையில் இருப்பவர் பெரும்பாலும் பட்டியலில் அம்மாவுக்கு முந்தைய வரிசை எண்காரர். அம்மாவின் படம் அடுத்த எண்ணில் இருக்கும். அந்த அம்மாளை உங்கள் அம்மாவிடமே காட்டிக் கேட்டீர்களா?

கிழக்குவாசல்

இவ்வளவு நாள் கேட்கவே தோன்றவில்லை! இப்போதுதான் வீடியோ காலில் கண்ணாடியைப் போடவைத்து அட்டையைப் பார்க்கச் சொன்னேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. "இது நம்ம டெய்லர் அக்காடா. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கா பாரு. அப்ப ஒல்லியா இருந்தா" என்றார். டெய்லர் அக்கா எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் சின்ன வயதில் கால்சட்டை தைக்கக் கொடுத்தவர். எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பது வெட்கம்தான்.

பட்டியலின் பிடிஎஃபை இறக்கிப் பார்த்தேன். பழைய சாய்கோட்டு எண்ணைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை, புது அட்டையின் எண்ணைப் போட்டதும் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் வந்தன. டெய்லர் அக்கா 411, அம்மா 412. ஆனால் படம் இருக்கும் கட்டத்தில் எல்லாம் "புகைப்படம் உள்ளது" என்று மட்டும் போட்டிருக்கிறது. முகங்களை எங்கே பார்ப்பது?

ஸ்லிப்_டீச்சர்

இணையத்தில் ஏற்றும் பட்டியலில் முகம் இருக்காது. ஊர்ப் பெண்களின் படங்களை யார் வேண்டுமானாலும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக. அது நல்லதுதான். படத்தோடு அச்சான பிரதி உங்கள் பாகத்து பிஎல்ஓவிடம் இருக்கும், பக்கத்துக்கு 30 பேர், வரிசைக்கு மூன்று கட்டம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கும் அச்சுப் பிரதியில் படம் உண்டு. பிஎல்ஓ கிடைக்காவிட்டால் தெருவில் பூத் வேலை பார்க்கிற கட்சிக்காரரிடம் கேளுங்கள். அவர் வீட்டில் நுனி மடிந்த ஒரு பிரதி கட்டாயம் இருக்கும்.

பழைய எண் தேடலில் வராது. மூன்று எழுத்து, ஏழு இலக்கம் என்ற பத்து இடத்து எண்தான் இப்போது செல்லும்.

உச்சிவெயில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்தின்போது (எஸ்ஐஆர்) வந்த கணக்கெடுப்புப் படிவத்திலேயே பழைய படம் அச்சாகி, பக்கத்தில் புதுப் படம் ஒட்டக் கட்டம் இருந்ததே? அப்போதே சரிசெய்திருக்கலாமே.

கிழக்குவாசல்

இருந்தது. தபால்தலை அளவில், புகை படிந்தது போல ஒரு முகம். அம்மாதான் என்று நினைத்துப் புதுப் படக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

உச்சிவெயில்

எங்கள் வீட்டிலும் அதே கதை. விடுங்கள்.

ஓட்டுப் போடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அட்டைக்குப் பதிலாக ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறுநாள் வேலை அட்டை என்று ஒரு பட்டியலே ஏற்கிறார்கள். பூத் ஸ்லிப்பை மட்டும் காட்டினால் ஆகாது, 2019லிருந்து அதை அடையாளமாக எடுப்பதில்லை. அட்டையில் எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள். முகமே பொருந்தவில்லை என்றால் வேறு ஆவணம் கேட்பார்கள். நான் இரண்டு தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன். சந்தேகம் வந்தால் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபணை எழுப்பலாம், தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். அடுத்த வீட்டுக்காரர்களே ஏஜென்டுகளாக இருக்கிற கிராமத்தில் உங்கள் அம்மாவை யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் ஆதாரைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கிழக்குவாசல்

நன்றி அண்ணா. இன்னொரு தடை. திருத்தத் தெரிவில் போய்ப் படம் ஏற்றிவிட்டேன், கடைசியில் ஆதார் ஓடிபி வைத்துக் கையொப்பமிடும் இடத்தில் நிற்கிறது. பெயர் பொருந்தவில்லையாம். பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால்.

ஸ்லிப்_டீச்சர்

அதோடு மல்லுக்கட்டாதீர்கள். தாள் படிவம் 8ஐ எழுதி, வெள்ளைப் பின்னணியில் எடுத்த 4.5க்கு 3.5 செ.மீ. வண்ணப் படத்தை ஒட்டி பிஎல்ஓவிடம் நேரில் கொடுங்கள். படத்தின் மேல் கையெழுத்துப் போடக்கூடாது, பலர் பழக்கதோஷத்தில் போட்டுவிடுகிறார்கள். படிவத்தின் அடியில் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் நகராதீர்கள்.

முக்கியமான விஷயம்: டெய்லர் அக்காவையும் 413ஆம் எண்காரரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒரே முகம் இரண்டு பதிவில் இருந்தால் எங்கள் மென்பொருள் ஒத்த படங்கள் என்று தனியாக எடுத்து விசாரணைக்குத் தள்ளும். அம்மா மட்டும் புதுப் படம் கொடுத்தால், 413இல் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் பழைய முகமும் 412இன் புது முகமும் ஒன்றுக்கொன்று எதிரில் வந்து நிற்கும். யார் உண்மை என்று கேட்டு உங்கள் வீட்டுக்கே ஆள் வரும்.

கிழக்குவாசல்

நேற்று ஊருக்குப் போய்வந்தேன். பிஎல்ஓ எங்கள் ஊர் அங்கன்வாடி அக்கா. திண்ணையில் பட்டியலை விரித்தார், பழைய_ஸ்கேனர் சொன்னது அச்சு அசல். 410இல் மளிகைக்கடைப் பெரியம்மா, 411இலும் அதே பெரியம்மா. 412இல் டெய்லர் அக்கா. 413இல் எங்கள் அம்மா, ஆனால் 413 ஓர் ஆண், மூன்றாவது வீட்டு அண்ணன்! ஆண் என்று போட்டு, கட்டத்துக்குள் அம்மா பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறார். 414 அந்த அண்ணனின் மனைவி. அவர் கட்டத்தில் அண்ணன், மீசையோடு. 415இலிருந்து எல்லாம் சரி. டெய்லர் அக்கா தன் பழைய அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதால் அவருக்கு இது தெரியவே இல்லை.

அம்மா, டெய்லர் அக்கா இருவரின் படிவமும் கொடுத்தாயிற்று, ஒப்புகையும் கையில் இருக்கிறது. பிஎல்ஓ அக்கா தன் போனிலேயே இரண்டு பேரையும் சுவரோரம் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பழைய_ஸ்கேனர்

மளிகைக்கடைப் பெரியம்மாவை இரண்டு முறை வெட்டியவன் நானாக இல்லாமல் இருக்க வேண்டும்.

கிழக்குவாசல்

இன்றைய நிலவரம். அம்மா, டெய்லர் அக்கா இரண்டு விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டன. அட்டை இன்னும் வரவில்லை, ஆனால் பிஎல்ஓ அக்காவின் செயலியில் அம்மா முகம் தெரிகிறது.

பாக்கி இருப்பது 413உம் 414உம். இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், பெயர் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. போன் போட்டேன். அண்ணன் நம்பவில்லை. "என் கார்டுல என் படம்தான்டா இருக்கு" என்றார். அவருடையதும் பழைய கருப்பு வெள்ளை. ஓட்டைத் திருப்பூருக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். அப்படி மாற்றினால் என்ன ஆகும்?

ஸ்லிப்_டீச்சர்

மாறலாம், குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஆனால் இடமாற்றத்தில் எண் மாறாது, படமும் கூடவே போகும். உங்கள் அம்மா திருப்பூர்ப் பட்டியலில் ஏறிவிடுவார்! படிவம் 8இல் ஒரு நேரத்தில் ஒரு தெரிவுதான் டிக் செய்ய முடியும். முதலில் இங்கேயே படத்தைத் திருத்திவிட்டு, அது ஏற்கப்பட்ட பிறகு இடமாற்றத்துக்கு அடுத்த படிவம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிழக்குவாசல்

சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அண்ணியின் இ-எபிக்கை, அதாவது இணையத்தில் இறக்கிக்கொள்ளும் மின்னணு வாக்காளர் அட்டையை, வாட்ஸப்பில் அனுப்பினார். போன மாதமே இறக்கிவைத்திருக்கிறார்கள், திறந்து பார்க்கவில்லை. பெண் என்று போட்டிருக்கிறது, கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர், மேலே அவர் மீசை. கீழே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்: "ஞாயித்துக்கெழம ஊருக்கு வரேன், அந்த அங்கன்வாடி அக்காவ இருக்கச் சொல்லு."