விடுதித் துணைக் காப்பாளர் நேர்காணல்: என்னிடம் கேட்டவை

அடுத்த வாரம் மகளிர் விடுதித் துணைக் காப்பாளர் பணிக்கான நேர்காணலுக்குச் செல்லவிருப்பதாக எழுதியிருந்த தங்கைக்காக என் அனுபவத்தைப் பகிர்கிறேன். கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியின் விடுதியில் இதே பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். மகளிர், சிறார் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-இல் வந்த சட்டம், அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் பெற வேண்டிய உரிமம் என்று பலவற்றையும் படித்துக்கொண்டு போனேன். குழுவில் இருந்த மூவரும் அதில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

கல்லூரி முதல்வர் கேட்டது இதுதான்: "இரவு பதினொன்றரை மணி. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. பெற்றோர் கைப்பேசியை எடுக்கவில்லை. என்ன செய்வீர்கள்?" 108-ஐ அழைப்பேன், தங்களுக்கும் காப்பாளருக்கும் தெரிவிப்பேன், நானே உடன் செல்வேன், வழியெல்லாம் பெற்றோரை அழைத்துக்கொண்டே இருப்பேன் என்றேன். நிறைவான பதில் என்றே நினைத்தேன். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்கள் வண்டியில் ஏறிவிட்டால் மீதமுள்ள 119 பெண்களோடு யார் இருப்பார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. சற்று யோசித்து, "இரவில் பொறுப்பில் இங்கே யார் யார் தங்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் சரியாகச் சொல்ல முடியும், மேடம்" என்றேன். இரவு ஆயா ஒருவரும், தரைத்தளத்தில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவரும் இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் ஆசிரியையிடம் சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட்டு, மாணவியின் மருத்துவக் குறிப்பும் சேர்க்கையின்போது பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவமும் உள்ள கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவேன் என்றேன். "உள்ளூர்ப் பாதுகாவலரை மறந்துவிட்டீர்களே" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். பெற்றோருக்குப் பதிலாக உள்ளூரில் மாணவிக்குப் பொறுப்பேற்கும் அவரது பெயரும் எண்ணும் எதற்காக விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படுகின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்து நிதி அலுவலர் ஒரு தாளை நீட்டினார். செலவை மாணவியர் பகிர்ந்துகொள்ளும் மெஸ் அது. ஒரு மாதத்து மொத்தச் செலவு 4,86,000 ரூபாய், மாணவியர் 120 பேர், மாதத்துக்கு 30 நாள், விடுப்பால் கழியும் நாட்கள் மொத்தம் 360. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எவ்வளவு? 3,600-இல் 360 போக 3,240. வகுத்தால் 150 ரூபாய். கணக்கு எளிதுதான். ஆனால், முன்கூட்டியே எழுதிக் கொடுக்காமல் ஊருக்குப் போய்விட்ட மாணவிக்கு அந்த நாட்களைக் கழிப்பீர்களா என்று தொடர்ந்து கேட்டார். அவளுக்காகவும் அரிசி உலையில் போட்டிருப்பார்கள், அவளுக்குக் கழித்தால் அந்தச் செலவு மற்றவர்கள் தலையில் விழும் என்று விளக்கியபோதுதான் அவர் முகத்தில் சம்மதம் தெரிந்தது.

ஆகவே, தங்கையே, தெரிந்த விடுதி ஏதேனும் இருந்தால் அனுமதி பெற்று ஒரு நாள் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அங்கே இருந்து பாருங்கள். வருகை எடுப்பது, அவுட்பாஸ் சீட்டைச் சரிபார்ப்பது, சமையலறையில் மறுநாளுக்குக் கொடுக்கும் பொருட்களை இருப்புப் பதிவேட்டில் எழுதுவது ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டால் பாதித் தயாரிப்பு முடிந்துவிடும்.

*

அக்கா எழுதியதோடு, ஆண்கள் விடுதியில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ராகிங் பற்றி நிச்சயம் கேட்பார்கள். 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதிமுறைகளை வெளியிட்டது. இவற்றைச் சொன்னதும் என்னிடம் கேட்டார்கள்: "அழுதுகொண்டே வரும் பையன், 'யாரிடமும் சொல்லாதீர்கள் சார்' என்கிறான். வாக்குக் கொடுப்பீர்களா?"

கொடுப்பேன் என்றேன். அது தவறு. அவன் பெயர் மூத்த மாணவர்களின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதாக வாக்களிக்கலாமே தவிர, நிறுவனத் தலைவரிடம் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்கக் காப்பாளருக்கு உரிமை கிடையாது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாக நடவடிக்கை எடுக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத் தலைவருக்கு இருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அடுத்த விடுதியில் அதே கேள்வி வந்தபோது, அன்றிரவே அந்தப் பையனை வேறு அறைக்கு மாற்றுவதிலிருந்து தொடங்கினேன்.