புதுப்பிப்பு: இன நல்லிணக்க நாள் ஓவியத் திட்டம் என்ன ஆச்சு

ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்காகத் தொடக்கநிலை 3 பிள்ளைகளுக்கு கோலம், பாத்திக் (மெழுகால் கோடு போட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றும் கலை), சீனக் காகித வெட்டு மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் போடுவது எப்படி என்று போன மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். முடித்துவிட்டோம். சிங்கப்பூரில் எங்கள் வகுப்பில் 28 பேர்.

"அவரவர் வீட்டுக் கலையை அவரவர் செய்யட்டும்" என்ற என் முதல் யோசனையை நீங்கள் வேண்டாம் என்றது சரிதான். எல்லாரும் மூன்றையும் செய்தார்கள்.

பாத்திக்தான் பாடாய்ப் படுத்தியது. சூடான மெழுகைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. அதனால் பருத்தித் துணியில் வெள்ளைப் பசையால் கோடு போட்டு, மேலே அக்ரிலிக் சாயம் பூசி, காய்ந்ததும் வெந்நீரில் ஊறவைத்து அலசச் சொல்லலாம் என்று நினைத்தேன். நம்ம ஊர் ஈரப்பதத்தில் மறுநாளும் பசை பிசுபிசுத்தது. தலைமுடி உலர்த்தியோடு நான் தரையில் உட்கார்ந்ததுதான் மிச்சம்! பசை போன இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்ததும் ஒரே கூச்சல்.

காகித வெட்டில், மடிப்பு விளிம்பு முழுவதையும் வெட்டி, சிவப்புத் துண்டுகளாகக் கையில் எடுத்தவர்கள் ஆறு பேர். மடிப்பில் ஒரு பகுதியை விட்டுவைக்கணும் என்று முதலிலேயே காட்டியிருக்க வேண்டும்.

கோலத்துக்கு அரிசி மாவு கிடையாது, சாக்பீஸ்தான். ஒரு மலாய்ச் சிறுமி சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் முடித்தாள். எனக்கே வராது.

மிச்சப் பசை மூன்று பாட்டில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?