பாறைக் கொம்பில் மாட்டிய ஸ்லிங் கழன்று வருகிறது, அவசரம்

சுவரேறி_ஈசூன்
வணக்கம். சனிக்கிழமை மறுபடி பாறை ஏறப் போகிறோம், அதற்குள் பதில் தேவை. பாறையில் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஸ்லிங் (நாடா வளையம்) மாட்டி, கேரபினர் (திறந்து மூடும் உலோக வளையம்) போட்டு, கயிற்றைக் கோத்துவிட்டு ஏறுகிறேன். கொஞ்சம் மேலே போனதும் ஸ்லிங் தானாகக் கழன்று கயிற்றோடு சறுக்கிக் கீழே போய்விடுகிறது. ஸ்லிங் புதுசு, 22 கிலோநியூட்டன் என்று போட்டிருக்கிறது. எதனால் இப்படி? செயற்கைச் சுவர் ஏறும் ஜிம்மில் இந்தத் தொல்லையே கிடையாது.

பூன்லே_வாசி
ஜிம்மில் எப்படி வரும்? அங்கே குயிக்டிரா (நாடாவில் கோத்த இரண்டு கேரபினர்) எல்லாம் ஏற்கெனவே சுவரில் பதித்த போல்ட்டில் தொங்குமே. எந்த இடத்துப் பாறை? லீடா (கயிற்றைக் கீழிருந்து மாட்டிக்கொண்டே ஏறுவது), டாப்ரோப்பா (கயிறு மேலேயே மாட்டியிருப்பது)? ஸ்லிங் எவ்வளவு நீளம்? கொம்பு மேல்நோக்கி இருக்கிறதா, பக்கவாட்டிலா? படம் இருந்தால் போடுங்கள்.

நைலான்_ரசிகன்
படமே வேண்டாம். உங்களுடையது டைனீமா இழை, பந்தயம் கட்டலாம். மெல்லிசாக, வழுவழு என்று இருக்கும், பாறையைப் பிடிக்காது. அகலமான நைலான் வாங்குங்கள். டைனீமா 145 டிகிரி பக்கம் போனாலே உருகிவிடும், நைலான் 200 டிகிரிக்கு மேல் தாங்கும். நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன், கேட்பதில்லை.

கல்லும்_கயிறும்
ஸ்லிங் உருகுகிறது என்றா அவர் கேட்டார்? கழல்கிறது என்கிறார்.

தம்பி, 22 கிலோநியூட்டன் என்பது ஸ்லிங்கின் பலம். கொம்பின் பலத்தை யாரும் சீட்டு ஒட்டி விற்பதில்லை. முதலில் அதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாயா? விரிசல் விட்ட பானை மாதிரி சத்தம் வந்தால் தொடாதே. அடியில் கோடு ஓடுகிறதா, அசைகிறதா என்று பார். இதையெல்லாம் ஜிம்மில் சொல்லித் தரமாட்டார்கள். பிரிட்டனில் ஒரு காலத்தில் கூழாங்கற்களைப் பையில் போட்டுக்கொண்டு போய், விரிசலில் செருகி, அதைச் சுற்றிக் கயிறு கட்டி ஏறினார்கள். அப்புறம் கூழாங்கல்லுக்குப் பதில் இயந்திர நட்டில் கயிற்றைக் கோத்தார்கள். இன்று கடையில் ‘நட்’ என்று விற்கிறார்களே, விரிசலில் செருகும் உலோகத் துண்டு, அதற்கு அதுதான் பாட்டன். ஜெர்மனியின் எல்பே மணற்கல் பாறைகளில் இன்றைக்கும் உலோக நட்டுக்கு அனுமதி கிடையாது, முடிச்சுப் போட்ட கயிற்றைத்தான் விரிசலில் செருகுவார்கள். கற்றுக்கொண்டு ஏறியவர்கள் அவர்கள். இப்போது ஸ்லிங் வாங்கிவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்கள்.

சுவரேறி_ஈசூன்
லீட். 60 செ.மீ. டைனீமா. பத்துமலை. முதல் போல்ட் ரொம்ப உயரம், அதற்குக் கீழே இந்தக் கொம்பு மட்டும்தான். தட்டிப் பார்த்தோம், கெட்டியாக இருக்கிறது. வேலையில் இருக்கிறேன், அப்புறம் வருகிறேன்.

நைலான்_ரசிகன்
டைனீமா! சொன்னேனா இல்லையா?

வேலுண்டு_வினையில்லை
பத்துமலையிலா கயிறு கட்டி ஏறுகிறீர்கள்? அது முருகன் இருக்கிற மலை. முதலில் 272 படி ஏறிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். கழலாது.

பூன்லே_வாசி
ஐயா, கோயில் இருக்கும் பக்கம் யாரும் ஏறுவதில்லை. மலைக்கு மறுபக்கம் குவா டாமாய் என்று ஓர் இடம், அங்கேதான். சுண்ணாம்புப் பாறை, அதனால்தான் இந்தக் கொம்பு, துளை எல்லாம்.

வேலுண்டு_வினையில்லை
எந்தப் பக்கமானால் என்ன, மலை ஒன்றுதானே? சிங்கப்பூரில் இடமா இல்லை? டெய்ரி ஃபார்ம் குவாரிக்குப் போங்கள்.

கல்லும்_கயிறும்
டெய்ரி ஃபார்ம் புக்கிட் தீமா கிரானைட், வெடி வைத்து உடைத்த குவாரி. அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் பாதி, உடைத்தபோது மிச்சம் நின்றது. அதில் ஸ்லிங் மாட்டு என்று சொல்கிறீர்களே, விளங்கும்.

தேக்கா_டீ
குன்றுதோறாடும் குமரன், தன் குன்றில் இன்னொருவன் ஏறினான் என்றா கோபித்துக்கொள்வான்? எனக்குக் கவலை வேறு. சுண்ணாம்புக் குன்றுகளில் அந்த இடத்தை விட்டால் வேறெங்கும் இல்லாத உயிர்கள் உண்டு. பத்துமலை இருட்டுக் குகையில் பொறிக்கதவு வைத்து வாழும் சிலந்தி ஒன்று இருக்கிறது, அதன் அறிவியல் பெயரிலேயே பத்துமலையின் ‘பத்து’ ஒட்டியிருக்கிறது. ஸ்லிங் உட்காரட்டும் என்று கொம்பில் முளைத்த செடியைப் பிடுங்கிப் போடுகிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை.

வேலுண்டு_வினையில்லை
சிலந்திக்கு இருக்கிற மரியாதை சாமிக்கு இல்லை. நல்லது.

தெம்பனிஸ்_அக்கா
சாமியும் சிலந்தியும் இருக்கட்டும். தம்பி சுவரேறி, ஒரு கேள்வி: உனக்கு பிலே செய்கிறவர், அதாவது கீழே கயிற்றைப் பிடிக்கிறவர், எங்கே நிற்கிறார்?

சுவரேறி_ஈசூன்
மரத்தடியில் அக்கா. வெயில் தாங்கவில்லை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தெம்பனிஸ்_அக்கா
அதுதான் சம்பந்தமே. சுவரிலிருந்து தள்ளி நின்றால் கயிறு அவர் இடுப்பிலிருந்து சாய்வாக வந்து, உன் முதல் கேரபினரில் மடங்கி, மேலே போகும். இறுகும்போதெல்லாம் அந்த மடிப்பு நேராக முயலும். அப்போது ஸ்லிங்கை வெளியேயும் மேலேயும் இழுக்கும். போல்ட் என்றால் எந்தப் பக்கம் இழுத்தாலும் நிற்கும். கொம்பு கீழ்நோக்கிய இழுப்பை மட்டும்தான் தாங்கும், மேலே இழுத்தால் சட்டை ஆணியிலிருந்து வருவது போல ஸ்லிங் வந்துவிடும். நீ ஏறும்போது கயிற்றைச் சும்மா இழுத்துக்கொண்டு போவதே போதும், விழவே வேண்டாம்.

அவரைச் சுவரை ஒட்டி நிற்கச் சொல். நீ விழுந்தால் அவர் தலைமேல் விழாதபடி ஒரு பக்கமாக. வெயில் என்றால் தொப்பி போட்டுக்கொள்ளட்டும். 60 செ.மீ. போதாது, 120 போடு. கேரபினர் தாழத் தொங்கினால் கயிற்றின் ஆட்டம் ஸ்லிங்கின் மேல்முனை வரை போகாது. கொம்பின் கழுத்தில் பள்ளம் இருந்தால் அதில் இறுக்கி உட்கார வை, சும்மா மேலே போர்த்தாதே. கீழே விரிசல் ஏதாவது இருந்தால் ஒரு நட்டைச் செருகி, கீழ்ப்பக்கமாக இழுத்துக் கட்டலாம், அது ஸ்லிங்கை மேலே எழும்ப விடாது.

இன்னொன்று. எப்போது கழல்கிறது? முதல் போல்ட்டில் கயிற்றை மாட்டிய பிறகு கழன்றால் பெரிய நஷ்டமில்லை, கொம்பின் வேலை அதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் கழன்றால் நடுவில் உன்னைப் பிடிக்க எதுவுமே இல்லை, தரைதான்.

கல்லும்_கயிறும்
இறுக்கி உட்கார வை என்றால் ஸ்லிங்கை அதன் கண்ணிக்குள்ளேயே நுழைத்துச் சுருக்குப் போடச் சொல்கிறீர்கள். பலம் குறையும். அடிப்படைப் பாடம்.

தெம்பனிஸ்_அக்கா
குறையும். கழன்று விழுந்த ஸ்லிங்கின் பலம் எவ்வளவு என்று சொல்லுங்களேன்.

நைலான்_ரசிகன்
சுருக்குப் போடுவதாக இருந்தால் நைலான்தான் நல்லது. டைனீமாவில் முடிச்சு நழுவும்.

பூன்லே_வாசி
கேட்டால் திட்டுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். நீளக் குச்சி நுனியில் குயிக்டிராவை மாட்டி, தரையில் நின்றபடியே முதல் போல்ட்டில் கயிற்றைக் கோத்துவிடலாம். கொம்பே தேவையில்லை.

கல்லும்_கயிறும்
குச்சி வைத்து ஏறுவதற்கு எஸ்கலேட்டரில் போகலாம்.

பூன்லே_வாசி
கால் உடைந்து மலேசிய எல்லைக் காஸ்வே நெரிசலில் உட்கார்ந்திருப்பதற்கு எஸ்கலேட்டரே மேல்.

சுவரேறி_ஈசூன்
போய் வந்தோம். பிலே சுவரை ஒட்டி, 120 செ.மீ., கழுத்துப் பள்ளத்தில் சுருக்கு. கழலவில்லை. நன்றி அக்கா.

காலாங்_காளை
பேச்சை வேறு பக்கம் திருப்புவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் தாய்லாந்தின் கிராபி போகிறோம். அங்கே பாறைத் துளைகளில் பழைய கயிற்று வளையங்கள் கட்டியிருக்கும் என்கிறார்கள். அதிலேயே மாட்டிக்கொள்ளலாமா? துளைக்கும் கொம்பு மாதிரி கழலும் பிரச்சினை உண்டா?

தெம்பனிஸ்_அக்கா
துளைக்குள் கோத்தது எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது, அதில் கொம்பை விட மேல். ஆனால் அங்கே தொங்குவதை நம்பாதே. வெயிலில் கிடந்த நைலான் உள்ளே எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். உன் ஸ்லிங்கைக் கோத்துக்கொள். கோக்கும் முன் உள்விளிம்பை விரலால் தடவிப் பார், சுண்ணாம்புப் பாறையில் சில துளைகளின் உட்புறம் பிளேடு மாதிரி இருக்கும். துளையைத் தாங்கும் அந்தக் கல் தூண் எவ்வளவு தடிமன் என்றும் பார்த்துக்கொள். விரல் தடிமன் என்றால் அதைத் துளை என்றே எண்ணாதே.

நைலான்_ரசிகன்
வெயிலில் டைனீமாவும் போகும். சொல்லிவிடுகிறேன்.