திரீ மைல் தீவு விபத்துக் கணக்கில் நீர்மட்டம் ஏறவில்லை: உதவி தேவை

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் நடந்த விபத்தின் முதல் நிமிடங்களை, பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக விரிதாளில் கணக்கிட்டு வருகிறேன். அழுத்தம் எதிர்பார்த்தபடியே சரிகிறது. ஆனால் பிரஷரைசரின் (உலைச் சுற்றின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கலம்) நீர்மட்டம் ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது.

அதிகாலை 4 மணியளவில் நீராவிக் கலன்களுக்கு (உலையின் வெப்பத்தால் நீராவி உண்டாகும் கலன்கள்) நீர் அனுப்பும் ஊட்டுநீர் பம்புகள் நின்றதும் பிரஷரைசரின் உச்சியிலுள்ள விடுவிப்பு வால்வு திறந்தது. சில நொடிகளில் உலை தானாக நின்றபோதும் வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ மூடும் கட்டளை போனதை மட்டுமே காட்டியது. துணை ஊட்டுநீர் ஏறத்தாழ 8 நிமிடம் நீராவிக் கலன்களை எட்டவில்லை. மட்டம் ஏறியதைக் கண்ட இயக்குநர்கள், நீர் மிகுந்துவிட்டதென்று கருதி உலைச் சுற்றுக்கு அவசரகால நீரைத் தரும் உயர் அழுத்த நீர்ச் செலுத்தலைக் குறைத்தார்கள் (அவர்கள் பெற்ற பயிற்சி அப்படி, குறைகூறுவது எளிது). இந்த ஏற்றம் கணக்கில் வராவிட்டால் பாடத்துக்கே பொருளில்லை.

என் கணக்கில் பிரஷரைசர் தனிக் கலம். மீதிச் சுற்று முழுவதும் கொதிக்காத நீர் நிறைந்த ஒரே கலம். வால்வின் வெளியேற்ற வீதத்தை மாற்றினேன், எஞ்சு வெப்பத்தை (உலை நின்ற பின்னும் எரிபொருளில் உண்டாகும் வெப்பம்) கூட்டினேன், துணை ஊட்டுநீரைத் தாமதப்படுத்தினேன், கால இடைவெளியையும் சுருக்கினேன். மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

உலைச் சுற்றில் உருவாகும் நீராவிக்கு இடம் ஒதுக்கினால் போதுமா, அல்லது பிரஷரைசரை உலைச் சுற்றோடு இணைக்கும் குழாயில் மேலேறும் நீராவி பிரஷரைசரின் நீரைக் கீழே வரவிடாமல் தடுப்பதையும் தனியாகக் கணக்கிட வேண்டுமா?